நான்காவது வாரத்துத் தொண்டைவலி

போன வாரம் வெண்கலத்தை நாம் விட்டுவந்தது சமையலறைக் குழாயடியில். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டிருந்தது. கூடத்தில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன், முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே குனிந்திருந்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்கச் சொல்லும் குரல் அவளுடையது. அந்தக் குரலுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் வெண்கலம். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டு வருடமாக அந்தக் குரல் வீட்டில் வேறு வேலை பார்த்தது. தொட்டதற்கெல்லாம் சீறினாள். தட்டு நிறையச் சாப்பிட்டும் இளைத்தாள். தூக்கம் போனது, கை நடுங்கியது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் துணிமணியை வாரிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவன்தான், எட்டு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. வக்கீல் வரைக்கும் பேச்சு போனது.

பிறகு ஒரு நாள், மைக்கின் முன்னால் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாடித் துடிப்பு நூற்று நாற்பது. கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் தைராய்டு சுரப்பி, தேவைக்கு மூன்று மடங்கு ஹார்மோனை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இதயம், குடல், தூக்கம், மனசு எல்லாவற்றையும் சாட்டையால் அடித்து ஓட்டுகிற ஹார்மோன். மூன்று வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்த மெக்கானிக், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

இது நான்காவது வாரம்.

“என்னங்க, கிளம்பிட்டீங்களா?”

“தொண்டைக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. நேத்து ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாப்ல பேசினேன்ல.”

“காய்ச்சல் இருக்கா?”

“சேச்சே.”

பொய். முந்தின நாள் மாலையிலிருந்தே உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனால் மூன்று வாரமாகத்தான் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் டீ குடிக்கிறார்கள். ‘மறுபடியும் ஏதோ வியாதியா?’ என்று அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அவனிடமும் ஒரு பொய் இருந்தது. வாயைத் திறந்து சொல்லாத பொய்.

மாத்திரை எழுதிய அன்று அவள் உள்ளே ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹார்மோன் டாக்டர் அவனை வராந்தாவில் நிறுத்தி, ஒரு மஞ்சள் சீட்டைக் கையில் திணித்தார். “ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்கு இந்த மாத்திரை ரத்தத்துல வெள்ளணுக்களைச் சுத்தமா இறக்கிடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தா சளிதானேன்னு விட்டுடாதீங்க. உடனே மாத்திரையை நிறுத்தணும், அன்னிக்கே ரத்தம் பாக்கணும். வீட்டம்மாகிட்டயும் சொல்லிடுங்க.”

அவன் சொல்லவில்லை.

முதல் வாரம் மறந்துபோனது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாரம் மறக்கவில்லை. அவள் அவனுக்குக் காலர் மடித்துவிட்டாள். அவன் சொன்ன சப்பை ஜோக்குக்குச் சிரித்தாள். இதைச் சொன்னால் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவாள், பழைய குரல் திரும்பிவிடும் என்று அவன் மனசு கணக்குப் போட்டது. சீட்டைக் கருவிப் பையின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே தள்ளினான்.

இப்போது அவள் அவன் கண் முன்னால் காலை மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இன்று ஒரு நாள் பார்ப்போம் என்று அவன் நினைத்தான். சாதாரணச் சளியாகத்தான் இருக்கும்.

“பாத்துப் போ,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

* * *

பத்து மணிக்கே குரல் உடைந்துவிட்டது.

“பன்னிரண்டாம் எண் வண்டி…” என்று தொடங்கியவள் ‘நடைமேடை’யில் முட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு ஓட்டுநர் தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி, “என்ன வெண்கலம், தகரமாயிடுச்சா?” என்று கத்தினான். அவள் சிரிக்க முயன்றாள். உதட்டுக்கு உள்பக்கம் புண் உரசியது. நேற்று ஒன்று இருந்தது. இன்று மூன்று.

மின்விசிறியை நிறுத்தினாள். அப்படியும் பல் கிடுகிடுத்தது. மாதாந்தர தைராய்டு பரிசோதனைக்கு எப்படியும் தங்கையின் லேபுக்கு இன்று போக வேண்டும். மைக்கை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். ஏழு வருடமாக அந்த லேபில் ரத்தம் எடுப்பதும் எண்ணுவதும் அவள் வேலை. அக்காவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியவள் பட்டென்று நிமிர்ந்தாள்.

“என்னக்கா, கை அடுப்பு மாதிரி கொதிக்குது?”

“தொண்டை கட்டியிருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“வாயைத் திற.”

“எல்லாரும் வாயை மூடுன்னுதான் இதுவரைக்கும் சொன்னாங்க. நீதான்டி மொதத் தடவையா தொறக்கச் சொல்ற.”

சின்னவள் சிரிக்கவில்லை. உள்நாக்கைச் சுற்றி சாம்பல் நிறப் படலம். தைராய்டுக்கு ஒரு குழாய் எடுத்தவள், யாரும் எழுதிக் கொடுக்காமலே ஊதா மூடி போட்ட இன்னொரு குழாயையும் நிரப்பினாள். “எதுக்கும் ரத்த அணு கவுன்ட்டும் பாத்துடறேன். அந்த பெஞ்சுல படு.”

மெஷின் இரண்டு நிமிடத்தில் காகிதத்தைத் துப்பியது. மொத்த வெள்ளணுக்கள் தொள்ளாயிரம்.

குறைந்தது நாலாயிரம் இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

ரத்தம் உறைந்திருக்கும் என்று நினைத்து, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உறையவில்லை. மறுபடி ஓட்டினாள். எண்ணூற்று எண்பது. பெயர்ச்சீட்டைச் சரிபார்த்தாள். அவள் கையெழுத்துதான்.

பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவருகிற அணுக்கள் சில உண்டு. கரு மூன்று நான்கு கண்டமாகப் பிரிந்து, பார்த்தவுடன் தெரியும். நூறு வெள்ளணுக்களை எண்ணினால் அறுபதுக்குக் குறையாமல் அவைதான் இருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துப்போன முகங்கள்.

கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினாள். ஒன்று தென்பட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான்.

லேப் டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே கேட்டார். “இவங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?”

“தைராய்டுக்கு, மேடம்.”

“குறைவுக்கா, அதிகத்துக்கா?”

“அதிகத்துக்கு. ஒரு மாசம் ஆகுது.”

டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அந்த மாத்திரை பண்ணின வேலைதான் இது. எலும்பு மஜ்ஜையில அணு உற்பத்தியே நின்னுபோயிருக்கு. உடம்புல காவலுக்கு ஆளே இல்ல. அவங்க எங்க இப்ப?”

வெளியே பெஞ்சில் வெண்கலம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டு. ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஓடிவந்த சின்னவள் அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். மாத்திரை தரையில் தெறித்து, காத்திருந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே உருண்டது.

“ஏய், பைத்தியமாடி உனக்கு?”

“வேணாம்க்கா,” என்றவளுக்கு மூச்சு வாங்கியது. “இனிமே அது வேணாம்.”

* * *

மெக்கானிக் அப்போது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். கையில் கிரீஸ். இரண்டு முறை அடித்து ஓய்ந்த போனை மூன்றாவது முறை தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

“அத்தான், அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க உடனே…”

“தொண்டைவலி அதிகமாயிடுச்சா?”

 மறுமுனையில் ஆட்டோவின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க,” என்று சொல்லிச் சின்னவள் வைத்துவிட்டாள்.

அவன் எண்ணெய்க் கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டான். கீழே பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அன்று பார்த்தான். குழி இருட்டாக இறங்கிப்போய்க்கொண்டே இருந்தது.

* * *

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை. உள்ளே போகிறவர்கள் கையைக் கழுவி, அங்கி மாட்டி, முகமூடி கட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெண்கலத்தின் இரண்டு கைகளிலும் ஊசிக் குழாய்கள். ஒன்றில் கிருமிக்கான மருந்து. மஜ்ஜையைத் தட்டி எழுப்புகிற ஊசியை வயிற்றில் போட்டிருந்தார்கள்.

ஹார்மோன் டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார்.

“தொண்டையில இருக்கிற கிருமி சாதாரணமானது. உங்களுக்கும் எனக்கும் வந்தா மூணு நாள் மூக்கைச் சிந்திட்டுப் போயிடுவோம். இவங்களுக்கு அதைத் தடுக்க ஆள் இல்ல. ரத்தத்துல இறங்கிடுச்சான்னு நாளைக்குத்தான் தெரியும்.” பெருமூச்சு விட்டார். “இன்னொண்ணு. மாத்திரையை நிறுத்தியாச்சு. இனி அந்தப் பக்கம் சுரப்பி மறுபடி ஆட்டம் போட ஆரம்பிக்கும். இதயத்தைக் கட்டிப்போட வேற மருந்து கொடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் நெருப்பு.”

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா…” என்று சின்னவள் தொடங்கினாள்.

“சொன்னேனே, மஞ்சள் சீட்டுகூடக் கொடுத்தேன்.” டாக்டரின் பார்வை மெக்கானிக்மேல் நின்றது. “உங்ககிட்டதானே?” பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். “அவங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். அது என் தப்பு.”

அவர் போன பிறகும் மெக்கானிக் அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் காய்ச்சல்னுகூடச் சொல்லல,” என்றாள் சின்னவள். குரலை உயர்த்தவில்லை. “தொண்டைவலியான்னு நீங்க முந்திக்கிட்டுக் கேட்டீங்க.”

“சின்னவளே…”

“காலையிலயே தெரியுமா?”

அவன் ஆமென்று தலையசைத்தான்.

“அவ மாத்திரை போட்டதைப் பாத்தீங்களா?”

அதற்கும் தலையசைத்தான்.

“ஏன் அத்தான்?”

“சொன்னா பயந்து நிறுத்திடுவாளோன்னு…”

“நிறுத்தினா?”

“பழைய மாதிரி ஆயிடுவா.” அவன் தன் கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டான். “உனக்குத் தெரியாது. அந்த ரெண்டு வருஷம் வீட்டுக்குப் போகவே கால் வராது. இந்த மூணு வாரம்தான் நான் மனுஷனா இருந்தேன்.”

சின்னவள் அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் இவன்தான். சைக்கிள் இருக்கையைப் பிடித்த கையை விடவே மாட்டான், பின்னாலேயே ஓடிவருவான்.

“லிஃப்ட்டைக் கழட்டினா மாடிக்கு மாடி எச்சரிக்கை போர்டு மாட்டறீங்க. முகம் தெரியாதவன் விழுந்துடக் கூடாதுன்னு. வீட்டுல இருக்கிறவளுக்கு மாட்டல.”

அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் கிரீஸ் கறை. தேய்த்தான். பரவியது.

“அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“இந்த நிலைமையிலயா? நல்லாகட்டும், அப்புறம்…”

“அப்புறம் அப்புறம்னுதான் இங்க வந்து நிக்கறோம்.”

* * *

அவன் மூன்று முறை கை கழுவினான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. நர்ஸ் கையுறை மாட்டிவிட்டாள்.

வெண்கலம் கண்ணைத் திறந்து, முகமூடிக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்து ஆளைக் கண்டுகொண்டாள். “வேலையைப் பாதியில விட்டுட்டு வந்தீங்களா?” காற்று மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை. “மன்னிச்சுக்கோங்க. காய்ச்சல் இல்லன்னு பொய் சொல்லிட்டேன்.”

அதைக் கேட்டதும் அவன் நின்ற இடத்திலேயே உடைந்தான். முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்க வழியில்லை. வராந்தா, மஞ்சள் சீட்டு, ஸ்பேனர்களுக்கு அடியில் தள்ளியது, காலையில் நாடாவைக் கட்டாமல் குனிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்தபோது மானிட்டரில் நாடித் துடிப்பு நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்று இருபத்தாறுக்குப் போயிருந்தது.

அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“தண்ணி.”

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை.

“என் கோபம் மொத்தமும் தைராய்டுன்னு நெனச்சிட்டீங்க,” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. “இல்லங்க. பாதி என்னோடது. நான் பேசப் பேச நீங்க பேப்பர் படிச்சீங்க பாருங்க, அதுக்கு வந்தது என்னோடது. வக்கீல்கிட்ட என்னைக் கேக்காமப் போனீங்க, அதுக்கு வந்ததும் என்னோடது.”

“தெரியும்.”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் சேத்து மாத்திரை போட்டு அடக்கலாம்னு தோணியிருக்காது.” கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. “இந்த மூணு வாரமும் நீங்க டீ குடிச்சது என்கூட இல்ல.”

அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ‘உனக்காகத்தான்’ என்று நாக்கு வரைக்கும் வந்ததை, அது பொய் என்று தெரிந்ததால் விழுங்கினான்.

நர்ஸ் அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்தாள். “இங்க பத்து நாளாவது இருக்கணும்மா. கூட இருக்க ஒருத்தருக்குத்தான் அனுமதி. டாக்டர் எல்லாத்தையும் அவங்ககிட்டதான் சொல்லுவார், கையெழுத்தும் அவங்கதான் போடணும். யாரு, சாரா?”

வெண்கலம் ஊசி குத்திய கையைக் கட்டிலிலிருந்து ஒரு சாண் உயர்த்தினாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற தங்கையை விரல் காட்டியது.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். மெக்கானிக் அங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் முதுகுப் பக்கம் தடவிக்கொண்டு வெளியேறினான். வராந்தாவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சின்னவள் அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். அங்கி மாட்டி, கை கழுவி, உள்ளே போனாள்.

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். “வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“ஏறியிருக்கா?”

நாள் முழுக்கப் பிறத்தியார் ரத்தத்தை எண்ணி எழுதிக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. பரவாயில்லை, பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முகமூடி இருக்கிறது, முகம்கூடத் தெரியாது.

சின்னவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அக்காவின் சூடான விரல்களைத் தன் கையுறைக்குள் பொத்திக்கொண்டாள்.

“இல்லக்கா. இறங்கியிருக்கு. இப்ப அறுநூத்தி அம்பது.”

வெண்கலம் கண்ணை மூடினாள். மூச்சு ஒன்று உள்ளே போய், சிரமப்பட்டு வெளியே வந்தது. தங்கையின் கையை விடவில்லை.

“சரி,” என்றாள். “இனிமே எல்லாத்தையும் இப்படியே சொல்லு.”